நான்கு பாக்கெட்டின் சராசரி

“அந்த அம்மிணி வந்து கோடு போட்டதுலருந்து ஒரு புள்ளிகூட வெளிய போனதில்ல, பாத்துக்கோ.”

சுவருக்கு அந்தப் பக்கம், பெட்டி கட்டுகிற சரோஜினியக்கா புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் குழாயடியில் நான் டீ டம்ளரைக் கழுவிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. மூன்றே கால் மணி. அம்மிணி என்பது நான்தான், ரேணுகா, தரக் கட்டுப்பாட்டு உதவியாளர், புள்ளியியல் படித்தவள், இந்தக் கம்பெனியில் வயதிலும் சிறியவள் குரலிலும் சிறியவள். என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் முதலில் காது சூடாகும், பிறகு அந்த இடத்தைவிட்டுப் போய்விடத் தோன்றும். இன்று போகவில்லை. டம்ளர் நிறைந்து கையில் வழிந்தது. ஒரு புள்ளிகூட என்றாரே, ஒரு புள்ளிகூடவா. சுவரில் ஒட்டிய எடைத் தாளில் அரை மணிக்கு ஒரு புள்ளி, நாளைக்குப் பதினான்கு, மாதம் இருபத்தைந்து நாள், எட்டு மாதம். இரண்டாயிரத்து எண்ணூறு. நான் போட்டது எப்படிப்பட்ட கோடு என்றால், எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாளிலும் ஆயிரத்துக்கு இரண்டு மூன்று புள்ளி சும்மாவே தாண்டிப் போகிற கோடு. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் போட்டேன். இந்நேரம் ஏழெட்டுப் புள்ளியாவது தாண்டியிருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. நல்லதுதானே என்று ஒரு மனம் சொன்னது. நல்லது இல்லை என்று இன்னொன்று சொல்லவில்லை, வெறுமனே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாயிரத்து எண்ணூறு பேர் ஒரு வாசலைக் கடந்தால் ஒருவராவது நிலையில் இடித்துக்கொள்வார். யாருமே இடித்துக்கொள்ளவில்லை என்றால் எல்லோரும் கவனமாகப் போனார்கள் என்று அர்த்தமா, இல்லை வாசல் மிகப் பெரியது என்று அர்த்தமா. குழாயை மூடினேன். மூடிய பிறகும் இரண்டு சொட்டு விழுந்தது.

நிரப்பும் கூடத்துக்குள் போகத் தலையுறை போட வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், காலணி மாற்ற வேண்டும். முகம் மறைந்துவிடுவதால் எனக்கு இந்தக் கூடம் பிடிக்கும். உள்ளே ஒரே ஒரு இயந்திரம், அதன் தலையில் ஹாப்பர் என்கிற பெரிய எஃகுப் புனல், அதற்குள் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைப் பொடி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட், பாக்கெட்டுக்கு இருபத்தொரு கிராம். புனலுக்குக் கீழே ஒரு திருகு சுற்றிச் சுற்றிப் பொடியைத் தள்ளுகிறது, பாக்கெட் நிரம்புகிறது, வாய் ஒட்டுகிறது, பட்டையில் வந்து விழுகிறது. அரை மணிக்கு ஒருமுறை நான் நான்கு பாக்கெட்டை எடுத்து எடை போட்டுக் கூட்டி நாலால் வகுத்து, வருகிற சராசரியைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் ஒரு புள்ளியாக வைப்பேன். நான்கு எடைகளைக் கிறுக்கிய துண்டுச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவேன். சராசரி போதும், தனித்தனியாக எழுதினால் ஆடிட்டர் ஆயிரம் கேள்வி கேட்பான் என்பது குழந்தைவேலு சாரின் உத்தரவு. அவர்தான் இங்கே எல்லாம், உற்பத்தி, தரம், லாரி, எங்கள் விடுப்பு. நான் சேரும் முன்பு அந்தத் தாளில் புள்ளிகள் மட்டும்தான் இருந்தன, கோடுகள் இல்லை. சேர்ந்த முதல் வாரம் ஒவ்வொரு பாக்கெட்டாக இருநூறு பாக்கெட் எடை போட்டேன். சராசரி இருபத்தொன்று. திட்ட விலக்கம், அதாவது ஒரு பாக்கெட் நடுவிலிருந்து வழக்கமாக எவ்வளவு தள்ளிப்போகும் என்கிற அளவு, பூஜ்யம் புள்ளி நான்கு கிராம். அதை மூன்றால் பெருக்கி ஒன்று புள்ளி இரண்டு. மேலே இருபத்திரண்டு புள்ளி இரண்டில் ஒரு சிவப்புக் கோடு, கீழே பத்தொன்பது புள்ளி எட்டில் ஒரு சிவப்புக் கோடு. அளவுகோல் வழுக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். சார் இரண்டடி தள்ளி நின்று பார்த்து, “இதுக்குத்தாம்மா படிச்ச புள்ள வேணுங்கறது” என்றார். போன மாதம் ஆடிட்டர் அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரம் செய்தார்கள். அப்பா அந்தக் கடிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தார்.

தாளின் முன்னால் நின்றேன். புள்ளிகள் நடுவில் இருபத்தொன்றை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டு போயின. அவற்றுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே மேலும் கீழும் இரண்டு வெள்ளைத் தெருக்கள், எட்டு மாதமாக யாருமே நடக்காத தெருக்கள். தினமும் பதினான்கு முறை பார்த்திருக்கிறேன். சுத்தமாக இருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். ஏன் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதில்லை. அப்போது ஃபிலோமினா மிஸ் நினைவுக்கு வந்தார், இரண்டாம் ஆண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, மின்விசிறி ஓடாத அறை. அறுபது பேரின் உயரத்தையும் அளக்கச் சொன்னார். என் முறை வந்தபோது டேப்பைப் பிடித்த பெண் குனிய வேண்டியிருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு. பலகையில் அந்த எண் தனியாக, எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது. பிறகு மிஸ் சீட்டுக் குலுக்கி எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார், குழுவின் சராசரியை மட்டும் எழுதச் சொன்னார். நூற்று ஐம்பத்தைந்து, நூற்று ஐம்பத்தாறு, நூற்று ஐம்பத்து மூன்று, மறுபடியும் ஐம்பத்தைந்து. “இப்ப இதுல ரேணுகா எங்க இருக்கா, சொல்லுங்க பாக்கலாம்” என்று கேட்டார். யாராலும் சொல்ல முடியவில்லை. என் குழுவில் வாலிபால் விளையாடுகிற ஒருத்தி இருந்தாள், அவள் என்னை மேலே இழுத்துவிட்டாள், நான் அவளைக் கீழே இழுத்துவிட்டேன். “பாத்தீங்களா, சராசரிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டா” என்றார் மிஸ். மற்றவர்கள் சிரிக்க, எனக்கு மட்டும் அந்த நாளில் முதல்முறையாக நிம்மதியாக இருந்தது. அப்போது அவர் பலகையில் இன்னொரு வரி எழுதினார். தனி ஆளின் விலக்கத்தை, எத்தனை பேரைச் சேர்த்தோமோ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சராசரியின் விலக்கம். நான்கு பேர் என்றால் இரண்டால் வகு. நான் எழுதிக்கொண்டேன், மனப்பாடம் செய்தேன், தேர்வில் நிரூபணத்தோடு எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கினேன். ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது என்பது மட்டும்தான் எனக்கு உண்மையில் புரிந்தது. இரண்டால் வகு. நான் எங்கே வகுத்தேன்.

வகுக்கவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டாக எடை போட்டு, ஒற்றைப் பாக்கெட்டுக்கான கோட்டைப் போட்டுவிட்டு, அதற்குள் நான்கு பாக்கெட்டின் சராசரியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறேன், எட்டு மாதமாக. ஒற்றைப் பாக்கெட் ஒன்று புள்ளி இரண்டு வரை அலையும். நான்கின் சராசரி அவ்வளவு அலையாது, ஒன்று மேலே போனால் ஒன்று கீழே இழுக்கும், அது அரை தூரம்தான் அலையும், அதற்கான கோடு பூஜ்யம் புள்ளி ஆறில் இருக்க வேண்டும். இருபத்தொன்று புள்ளி ஆறு, இருபது புள்ளி நான்கு. வெள்ளைத் தெருவின் நடுவில். மனதுக்குள் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், நெருக்கியடித்துக்கொண்டிருந்த புள்ளிகள் சட்டென்று இயல்பாகத் தெரிந்தன, அவற்றுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. இல்லை, தப்பாக இருக்காது, எங்கேயோ மறந்திருக்கிறேன், இருநூறு எடையும் ஒருவேளை நான்கு நான்காகச் சேர்த்து எடுத்ததோ. இல்லை. ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன், கட்டைவிரல் மரத்துப்போனது, ஞாபகம் இருக்கிறது. பிறகுதான் என் கண் தாளின் வலது ஓரத்துக்குப் போனது. இன்றைய புள்ளிகள். பதினோரு மணிக்கு இருபத்தொன்று புள்ளி ஒன்று. பிறகு புள்ளி மூன்று. புள்ளி ஐந்து. பன்னிரண்டரைக்குப் புள்ளி ஆறு ஐந்து. சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளி ஏழு, புள்ளி ஏழு ஐந்து, புள்ளி எட்டு, மூன்று மணிக்குப் புள்ளி எட்டு ஐந்து. மாடிப்படி போல ஏறிக்கொண்டிருந்தது. நானே வைத்த புள்ளிகள். ஒவ்வொன்றையும் வைக்கும்போது சிவப்புக் கோடு தொலைவில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சரியான கோடு அங்கே இருந்திருந்தால் பன்னிரண்டரைக்கே ஒரு புள்ளி வெளியே போயிருக்கும். இப்போது ஐந்து புள்ளிகள் வெளியே நிற்கின்றன, வெளியே என்று சொல்ல யாருமில்லாமல்.

பதினோரு மணிக்கு என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், நான் பக்கத்திலேயே பதிவேட்டோடு நின்றேன். இயந்திரத்தை ஓட்டுகிற துளசிமணியக்கா சாரைக் கூப்பிட்டார். “ஏனுங்க சார், இதோட சத்தம் வேற மாதிரி கேக்குதுங்க. உள்ள கலக்கி சுத்தறாப்பல இல்லீங்க.” கலக்கி என்பது புனலுக்குள் சுற்றிக்கொண்டே பொடியைக் கலைத்துவிடும் இரும்புக் கை. சார் காதை இயந்திரத்திடம் கொண்டுபோய், “எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது” என்றார். “பதினஞ்சு வருசமா இதுகூட இருக்கறனுங்க, என்ற வூட்டுக்காரர் கொறட்டைகூட அவ்வளவு வருசம் கேட்டதில்ல.” எல்லோரும் சிரித்தார்கள், சாரும்தான். “ஹாப்பரத் தொறந்தா ரெண்டு மணி நேரம் போயிரும் துளசி, நாலு மணிக்கு வண்டி. இந்தா, உன்ற காதை நம்பறதா, ரேணுகா போட்ட கோட்டை நம்பறதா. புள்ளி உள்ளதான இருக்குது” என்று தாளைக் காட்டினார். துளசிமணியக்கா என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவரது பதினைந்து வருடக் காதின் மேல் என் கோட்டை வைத்து அடைத்துவிட்டார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எடை கூடினால் என்ன, பொடி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதானே. நூற்றுக்கு நான்கு. யாருக்கு என்ன ஆகிவிடும். இப்படிச் சொல்லிப் பார்த்தபோதே இந்த வாசலும் அடைபட்டது. இந்தத் திருகுக்கு எடை தெரியாது. அது ஒரு சுற்றுக்கு இத்தனை இடம் என்று அளந்துதான் தள்ளும், ஒரே கரண்டியால் அள்ளிப் போடுவதைப் போல. ஒரே கரண்டியில் எடை கூடுகிறது என்றால் கரண்டியில் இருப்பது மாறிவிட்டது. சர்க்கரை லேசு, உப்பு கனம், உப்பு நைசு. கலக்கி நின்றுபோய்ப் புனல் அதிர்ந்துகொண்டே இருந்தால் நைசான உப்பு இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கும், முதலில் வெளியே வரும். எடையில் ஒரு கிராம் கூட வேண்டுமானால் எவ்வளவு சர்க்கரை போய் எவ்வளவு உப்பு வந்திருக்க வேண்டும் என்று விரலில் போட்டுப் பார்த்தேன், தோராயமாக. உப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கலாம். இருக்கலாம்தான். காலை பத்து மணிப் பாக்கெட்டை வெளியே உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று, அது சரியாகத்தான் வரும், பத்து மணிக்குக் கலக்கி சுற்றிக்கொண்டிருந்தது. சித்தியின் குழந்தை ஞாபகம் வந்துவிட்டது, வர வேண்டாம் என்று நினைத்ததும் வந்துவிட்டது. ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட் என்பதைப் படிக்காமல் சித்தி ஒரு சொம்பில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்கிக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள், குழந்தை இன்னும் இன்னும் என்று வாயைத் திறந்தது, பார் எவ்வளவு ஆசையாகக் குடிக்கிறான் என்றாள். அது தாகம். கொடுக்கக் கொடுக்கக் கூடுகிற தாகம். சாயங்காலம் குழந்தைக்குக் கைகால் வெட்டி இழுத்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தான், இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான், என்னைவிட உயரமாகிவிடுவான். அது இரண்டு மடங்குக்கு மேலே, இது மூன்றில் ஒரு பங்கு, அதுவும் இதுவும் ஒன்றல்ல என்று எனக்கே விளக்கினேன். மூன்று மணிக்கு மூன்றில் ஒரு பங்கு. படி ஏறிக்கொண்டுதானே இருக்கிறது. வழிமுறையைச் சரியாகப் படித்து, ஒரு லிட்டரைச் சரியாக அளந்து கலக்குகிற ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள், அவள் செய்வதில் ஒரு தப்பும் இருக்காது.

மூன்றரை. கை தானாகப் பட்டையிலிருந்து நான்கு பாக்கெட்டை எடுத்தது. தராசில் முதல் பாக்கெட் இருபத்தொன்று புள்ளி ஐந்து. பார், ஒன்றுமில்லை என்று மூச்சு விட்டேன். அடுத்தது இருபத்திரண்டு புள்ளி மூன்று. அடுத்தது இருபத்தொன்று புள்ளி ஒன்பது. கடைசியாக இருபத்திரண்டு புள்ளி ஒன்று. ஒன்றாவது இருபத்தொன்றுக்குக் கீழே வந்திருந்தால், ஒன்றே ஒன்று கீழே இழுத்திருந்தால். எங்கள் வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா பேசாத நாளில் அம்மா பேசுவாள், அம்மா முறைத்துக்கொண்டால் தம்பி ஏதாவது உளறுவான், மொத்தத்தில் வீடு எப்போதும் ஒரே சத்தத்தில் இருக்கும். நான் நான்கு நாள் வாயைத் திறக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசாமல் சாப்பிட்டு எழுந்தது ஒரே ஒரு நாள், அப்பாவின் மில்லை மூடிய அன்று. ஒருவர் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் வேண்டாம். நான்கு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்வது சும்மா நடக்காது, எல்லோரையும் சேர்த்து எதுவோ அழுத்த வேண்டும். இரண்டால் வகு என்பதற்கு இதுதான் அர்த்தம். பத்துக்குப் பத்து வாங்கியதற்கு மூன்று வருடம் கழித்து, ஒரு தராசுக்கு முன்னால், இப்போதுதான் புரிகிறது, புரிய வேண்டிய நேரமா இது. கூட்டினேன், வகுத்தேன். இருபத்தொன்று புள்ளி ஒன்பது ஐந்து. துளசிமணியக்கா இயந்திரத்தைவிட்டு நகராமல் கேட்டார், “எத்தனைங்க அம்மிணி?” சொன்னேன். “கோட்டுக்கு உள்ளயே இருக்குதுங்களா?” அவர் குரலில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். “உள்ளதானுங்கக்கா” என்றேன். அது பொய் இல்லை, என் கோட்டுக்கு உள்ளேதான். “அப்ப என்ற காதுதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது” என்று முகக்கவசத்துக்குள் சிரித்தார், அவர் கண்களில் தெரிந்தது. புள்ளியை வைத்தேன். இன்று முதல்முறையாக அந்தத் துண்டுச் சீட்டைக் கிழிக்காமல் பையில் வைத்துக்கொண்டேன்.

சாரின் அறைக்கு இருபத்திரண்டு அடி. என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லாக அடுக்கினேன். சார், கோடு தப்பு. கோடு தப்பு என்றால் யார் போட்டது. நான் போட்டேன். அப்போது நீ தப்பு. ஆமாம் சார், நான் தப்பு. இதைச் சொல்ல முடிந்தால் போதும், மற்றது தானாக வரும். பள்ளியிலும் கல்லூரியிலும் விடை தெரிந்தும் கை தூக்காத ஆயிரம் நேரங்கள் எனக்கு இருக்கின்றன, அந்த விடைகளால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை, யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். இங்கே அந்த யாராவது ஒருத்தி இல்லை. தூரத்தில் சரக்கு வாசலில் பெட்டிகளை லாரியில் அடுக்குகிற சத்தம். இன்று பத்து மணியிலிருந்து நிரப்பிய அத்தனையும் அதில் போகிறது, சாயங்காலம் ஈரோட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கிடங்கு, நாளை காலை அங்கிருந்து ஊர் ஊராக. சார் போனில் இருந்தார், உட்காரச் சொல்லிக் கை காட்டினார், நான் உட்காரவில்லை. போனை வைத்துவிட்டு, “சொல்லும்மா” என்றார்.

“சார், அந்தக் கோடு.”

“கோட்டுக்கு என்ன. ஆடிட்டர் வேற பிராஞ்சுக்கெல்லாம் அதைக் காட்டியிருக்கறாராம், தெரியுமா.”

“அது பாதியா இருக்கணும் சார்.”

“பாதின்னா?”

“நாலு பாக்கெட் சராசரிக்கு... ஒரு பாக்கெட் கோடு போட்டுட்டேன். அது வேற சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபம் இல்லை, உண்மையாகவே புரிந்துகொள்ளப் பார்த்தார், அதுதான் என்னை இன்னும் திணற வைத்தது. “அதெப்படிம்மா. பொடி ஒண்ணு, மெஷின் ஒண்ணு, பாக்கெட் ஒண்ணு. ஒத்தையா எடுத்தா ஒரு அளவு, நாலா எடுத்தா ஒரு அளவா? கடைக்காரன் தராசாட்ட இருக்குதே நீ சொல்றது.” விடை எனக்குத் தெரியும். வீட்டில் நான்கு பேர், வாலிபால் விளையாடுகிற பெண், எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. “உப்பு கூடியிருக்கும் சார்” என்றேன், இடையில் இருந்த அத்தனை படிகளையும் விட்டுவிட்டு. அவர் முகம் மாறியது. “எப்படித் தெரியும்? டெஸ்ட் பண்ணியா?” இல்லை என்று தலையாட்டினேன். “அப்ப யூகம்.” ஆமாம் என்று தலையாட்டினேன். துண்டுச் சீட்டை மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, “எல்லாம் இருபத்திரண்டு புள்ளி ரெண்டுக்குள்ளதான், ஒண்ணு மட்டும் ஒரு நூல் கூட. ஒண்ணு போறதுதான்” என்றார். மெதுவாகச் சொன்னார். “ரேணுகா, நீ சொல்றது நெசம்னா எட்டு மாசமா நாம என்னத்தப் பாத்துட்டிருந்தோம்? நான் அந்தக் கோட்டைக் காட்டித்தான் துளசி வாயை அடைச்சேன். வண்டியை நிறுத்தினா மேல என்ன காரணம் சொல்றது, பொண்ணுக்கு மனசுல பட்டுச்சுன்னா? காலைல வா, ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம். தப்புன்னா கோட்டை மாத்திக்கலாம். முகமே சரியில்ல உனக்கு, சாப்பிட்டியா?” சாப்பிட்டேன் சார் என்றேன். சரி சார் என்றேன். அந்தச் சரியை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற ஒரே சொல் அதுதான். அவர் மறுபடியும் போனை எடுத்தார்.

வெளியே வந்தபின் விடை வரிவரியாக வந்தது. சார், ஒருவர் தும்மினால் சளி, வகுப்பே தும்மினால் காற்றில் ஏதோ இருக்கிறது, இதற்குக் கோடு ஒன்றாக எப்படி இருக்க முடியும். சார், சராசரி என்பது அடங்கி நிற்கிற பிள்ளை, அது ஓரடி நகர்ந்தால் மற்றவை பத்தடி நகர்ந்த மாதிரி. எவ்வளவு அழகாக வருகிறது, யாரும் கேட்காதபோது. திரும்பிப் போய்ச் சொல்லலாம். இருபத்திரண்டு அடிதான். போய் நின்றால் மறுபடியும் சரி சார் என்றுதான் வரும், எனக்கு என்னைத் தெரியும். மூன்று ஐம்பத்திரண்டு. ஒருவேளை என் கணக்கு தப்பாகவே இருக்கலாம். கலக்கி சுற்றிக்கொண்டிருக்கலாம், திருகு கொஞ்சம் இளகியிருக்கலாம், உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே கூடியிருக்கலாம், அப்படியானால் நூற்றுக்கு நான்கு, ஒன்றும் ஆகாது. இருக்கலாம். காலையில் திறந்து பார்த்து அப்படி இருந்தால் நான் சிரித்துக்கொள்வேன். காலையில் திறந்து பார்த்து அப்படி இல்லாவிட்டால் பாக்கெட்டுகள் எங்கே இருக்கும். நடந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தலையுறையைக் கழற்றவில்லை, கூடத்துக்குள் மட்டும் போட வேண்டிய வெள்ளைக் காலணியோடு வெளிமுற்றத்து மண்ணில் நடந்துகொண்டிருந்தேன். சரக்கு வாசல் மேடையில் ஏறினேன். லாரி பின்பக்கத்தை மேடைப் பக்கம் காட்டி நின்றது. பெட்டிகள் கூரைவரை அடுக்கி, கடைசி வரிசை மட்டும் இடுப்பளவில் இருந்தது. ஏற்றுகிற ஆட்கள் இருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ரத்தினம் அண்ணன் பீடியை அணைத்துவிட்டு வந்து பின்கதவின் ஒரு பாதியைச் சாத்தினார்.

“அம்மிணி, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, கதவு வருது” என்றார்.

நான் ஒதுங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். “சார் ஏதாச்சும் சொல்லி அனுப்புனாருங்களா? கேட் பாஸ் வாங்கிட்டனே.” இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், முகக்கவசத்துக்குள் மூச்சு மட்டும் போய் வந்தது. ஆட்களில் ஒருவர், “அம்மிணிக்கு மயக்கமாட்ட இருக்குது, தண்ணி கொண்டாங்கப்பா” என்றார். கூடத்துக்குள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ரத்தினம் அண்ணன் மணியைப் பார்த்துவிட்டுக் கதவின் மறுபாதியைப் பிடித்தார்.

வாசல் மேடைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதைத் தாண்டி உள்ளே போனேன். “ஏனுங்க, எங்கீங்க போறீங்க” என்று அவர் பின்னால் கேட்டார். கடைசி வரிசைப் பெட்டிகள் எனக்குக் கொஞ்சம் உயரம். கையை ஊன்றி எம்பி, அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.